அட்டையில் ஏன் அந்தத் தேதி?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். கிராம சுகாதார செவிலியர் அட்டையை வாங்கி, பிறந்த தேதியைப் பார்த்து, வாரக் கணக்குப் போட்டு, இன்றைக்கு என்னென்ன என்று சொல்வார். ஒன்றரை மாதக் குழந்தை என்றால் வாயில் இரண்டு விதச் சொட்டு மருந்து, தொடைகளிலும் கையிலுமாக மூன்று ஊசி. குழந்தை வீறிடும். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'இத்தனை சின்ன உடம்புக்கு இவ்வளவு ஊசியா?' என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அதை இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். இந்த ஊசி ஏன் இந்த வயதில்? தட்டம்மைக்கான ஊசியைப் பிறந்த அன்றே போட்டு முடித்துவிட்டால் என்ன? ஹெபடைடிஸ் பி ஊசியைக் குழந்தை கொஞ்சம் தேறிய பிறகு போட்டால் என்ன? கருப்பைவாய்ப் புற்றுநோய் நாற்பது, ஐம்பது வயதில் வருவது. அதற்கான ஊசியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஏன் போடச் சொல்கிறார்கள்?

அட்டையில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் உடலின் ஒரு குணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளப் பலர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஒரே மருந்து ஒரு வயதில் உயிரைக் காக்கும், வேறொரு வயதில் ஏறக்குறைய வீணாகும். தடுப்பூசியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

முதல் 24 மணி நேரம்

ஹெபடைடிஸ் பி கல்லீரலில் குடியேறும் வைரஸ். ரத்தத்தின் வழியாகவும் உடல் திரவங்களின் வழியாகவும் பரவும். தாயின் உடலில் இருந்தால் பிரசவ நேரத்தில் குழந்தைக்குப் போய்ச் சேரும். பெரியவர் ஒருவருக்கு இது தொற்றினால் பெரும்பாலும் கொஞ்ச நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போய்விடும். நூறு பேரில் ஐந்துக்கும் குறைவானவர்களிடம்தான் நிரந்தரமாகத் தங்கும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

வைரஸ் ஒன்றேதான், வேறுபடுவது உடல். வளர்ந்த உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள், தொற்றிய கல்லீரல் செல்களைத் தேடித் தாக்குகின்றன. கண் மஞ்சளாவதும் உடல் அசதியும் அந்தச் சண்டையின் அறிகுறிகள். சண்டை முடியும்போது வைரஸ் வெளியேறியிருக்கும். பிறந்த குழந்தையின் எதிர்ப்பு மண்டலமோ, எதிர்ப்படுவதை எல்லாம் பகையாக எண்ணாமல் பொறுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. கருவறையில் ஒன்பது மாதம் தாயின் உடலோடு ஒத்திருக்க வேண்டுமானால் அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். அதனால் சண்டை இல்லை, காமாலை இல்லை, பெற்றோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும்.

ஆகவேதான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி. வைரஸ் உள்ளே வந்திருந்தாலும், அது வேர்பிடிப்பதற்குள் எதிர்ப்புரதங்கள் உருவாகிவிட வேண்டும். இதில் ஒரு நாள் தாமதத்துக்குக்கூட விலை உண்டு. தைவான் 1984இல் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று நிரூபணமான முதல் ஊசி, பிறந்த அன்று பிரசவ வார்டில் ஓசையில்லாமல் போடப்படும் இந்த ஊசிதான்.

செங்கல்பட்டின் பதில்

அதே நாளில் இடது மேற்கையில் தோலுக்குள் போடுவது பிசிஜி, காசநோய்க்கு எதிரானது. பிரான்சில் லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் கால்மெட், கெரான் என்ற இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கும் பித்தநீரும் கலந்த ஊடகத்தில் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தார்கள். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஊசி போட்ட இடம் தடித்து, சீழ் கட்டி, உடைந்து, தழும்பாகும். அது தானாக ஆறும், மருந்து எதுவும் தடவ வேண்டாம். இன்று தமிழர்களில் பெரும்பாலோர் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

தழும்பு இருக்கிறது, காப்பு இருக்கிறதா? சுதந்திரம் அடைந்த மறு ஆண்டே, 1948இல், சென்னை கிண்டியில் பிசிஜி ஆய்வகம் தொடங்கி நாடு முழுவதும் ஊசி போட்ட தேசம் இது. ஆனால் உலகின் வெவ்வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பிரிட்டனில் நல்ல பலன், வேறு சில இடங்களில் சொற்பம். இதற்கு ஒரு முடிவு காண 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களிலும் சிறு ஊர்களிலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு மிகப் பெரிய ஆய்வைத் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். சிலருக்கு உண்மையான பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி, யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள்.

பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது.

அறிவியல் உலகம் அதிர்ந்தது. ஆய்வில் குறை தேடினார்கள். இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இது: நம்முடைய மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். சிறு வயதிலிருந்தே அவை நம்மைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், வளர்ந்த உடலுக்கு பிசிஜி புதிதாகச் சொல்லிக்கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. புதிதாய்ப் பிறந்த உடலில் அந்த முன்கதை கிடையாது. குழந்தைகளைக் கொல்லும் இரண்டு காசநோய் வடிவங்களை, அதாவது மூளை உறையைத் தாக்குவதையும் உடலெங்கும் சிதறிப் பரவுவதையும், பிறந்தவுடன் போடும் பிசிஜி நன்றாகவே தடுக்கிறது. அட்டையின் முதல் வரியில் அது நிலைத்திருப்பது இதனால்தான்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்ட செங்கல்பட்டு ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த ஆய்வில் கை நீட்டிய கிராம மக்களுக்கும் அந்த மரியாதையில் பங்கு இருக்கிறது. கேள்வி இன்னும் மூடவில்லை. காசநோய் வர வாய்ப்பு அதிகமுள்ள பெரியவர்களுக்கு பிசிஜியை மறுபடி போட்டுப் பார்க்கும் முயற்சி 2024இல் இந்தியாவில் தொடங்கியிருக்கிறது.

தாய் கொடுத்தனுப்பும் காப்பு

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதங்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு இறங்குகின்றன. தாய் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கும், போட்டுக்கொண்ட ஊசிகளுக்கும் எதிரான காப்பு அது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இது குறைவாகக் கிடைக்கிறது. அதனால் அந்தக் குழந்தைகளுக்கு ஊசி தள்ளிப்போவது இன்னும் ஆபத்து.

ரண ஜன்னிக்கு எதிராகக் கர்ப்பிணிக்குப் போடும் டி.டி. ஊசி இந்த வழியைப் பயன்படுத்திக்கொள்கிறது. ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கும். அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடி அறுத்தால் உள்ளே போகும். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு வாயைத் திறக்க முடியாமல், உடல் வில்லாக வளைந்து இறந்துபோகும். நம் கொள்ளுப்பாட்டிகள் காலத்தில் இது ஊருக்கு ஊர் நடந்த துயரம். மருத்துவமனைப் பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து அதை விரட்டின. 2015இல் இந்தியா தாய், சேய் ரண ஜன்னியை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஒழித்தது என்றால் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பொருள். மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது. ஊரில் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவரை இந்த நோயிலிருந்து காக்க முடியாது. இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது இல்லை.

கக்குவான் இருமலுக்கும் இதே வழி உண்டு. பெரும்பாலும் இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகளைத்தான் அது கொல்லும், அந்த வயதில் குழந்தைக்குச் சொந்தக் காப்பு உருவாகியிருக்காது. 2012இல் பிரிட்டனில் அந்த நோய் கிளம்பியபோது கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டார்கள், பச்சிளம் குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதக் காப்பு கிடைத்தது. நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் கக்குவான் பகுதி இல்லை. அதுவும் சேர்ந்த ஊசி தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் காப்புக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். அது குழந்தையின் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் பாடம் பதியும். தாயின் எதிர்ப்புரதம் மிச்சமிருந்தால், பெருகுவதற்குள் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். பிறந்த அன்றே தட்டம்மை ஊசி போட்டால் வீண் என்பது இதனால்தான். தாய் தந்தது கரைய வேண்டும், அதே நேரத்தில் நோய் முந்திக்கொள்ளவும் கூடாது. 12 மாதம் வரை காத்திருந்தால் நூற்றுக்குச் சுமார் 95 குழந்தைகளுக்குக் காப்பு கிடைக்கும், 9 மாதத்தில் போட்டால் சுமார் 85. நோய் அருகிவிட்ட அமெரிக்கா காத்திருக்கிறது. நம் ஊரில் தட்டம்மை குழந்தைகளை முதல் பிறந்தநாளுக்கு முன்பே பிடித்துவிடுவதால், கொஞ்சம் இழப்பை ஏற்றுக்கொண்டு 9 மாதத்தில் போடுகிறோம். ஒன்றரை வயதில் இரண்டாம் முறை போடுவது, முதல் முறை தவறிய அந்த 15 பேரைப் பிடிப்பதற்காக. பலர் நினைப்பதுபோல அது கூடுதல் பலத்துக்கான ஊசி இல்லை. 'ஒரு ஊசி போட்டாச்சே, போதும்' என்று விட்டுவிடும் பெற்றோருக்கு, தம் குழந்தை எந்தப் பக்கம் என்று தெரிய வழியே இல்லை.

மணல்வாரி என்று கிராமத்தில் சொல்லப்படும் இந்த நோயைச் சாதாரணமாக எண்ணுவது தவறு. இதைப் போல வேகமாகப் பரவும் நோய்கள் மிகச் சில. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். குணமான பிறகும் கெடுதல் தொடர்கிறது. தட்டம்மை வந்த குழந்தைகளின் ரத்தத்தை 2019இல் ஆராய்ந்தபோது, மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது. பழைய பாடங்களை உடல் மறந்துபோகிறது. அம்மை இறங்கிய சில மாதங்களில் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் இறந்தது தற்செயல் இல்லை என்று இப்போது புரிகிறது.

சர்க்கரைக் கவசமும் மூன்று தவணையும்

ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று முறை போடும் பென்டா ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் என்ற ஐந்துக்கானது. நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. இதில் ஹிப் கிருமியின் கதை அழகானது. ஹிப்பும், நிமோனியா தரும் நியூமோகாக்கஸும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன கவசம் போட்டவை. அந்தச் சர்க்கரையை மட்டும் எடுத்து ஊசியாகப் போட்டால் பெரியவர்களுக்குக் காப்பு வரும். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு வராது, அவர்களின் எதிர்ப்பு மண்டலம் சர்க்கரையைக் கண்டுகொள்வதே இல்லை. இந்தக் கிருமிகள் கொல்வதோ அந்த வயதுக் குழந்தைகளைத்தான்.

விடை வேதியியலில் கிடைத்தது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிடுவது. வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுப்பதுபோல, புரதத்துக்காக வாயைத் திறக்கும் எதிர்ப்பு மண்டலம் சர்க்கரையையும் சேர்த்து விழுங்கிப் பாடம் கற்கிறது. இந்த இணைப்பு ஊசி வந்த நாடுகளில் குழந்தைகளின் ஹிப் மூளைக்காய்ச்சல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்தது.

ஏன் மூன்று முறை, ஏன் இடைவெளி என்பதற்கும் காரணம் உண்டு. ஊசிக்குப் பிறகு நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் தங்கள் எதிர்ப்புரதத்தைத் திருத்தித் திருத்தி எழுதுகின்றன. நன்றாகப் பொருந்துவது தப்பிக்கும், மற்றவை சாகும். இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். நெருக்கிப் போட்டால் இந்தப் பயிற்சி முடியாது. ஒன்றரை வயதில் போடும் ஊக்க ஊசி, தேறி நிற்கும் செல்களை எழுப்பி எலும்பு மஜ்ஜையில் நீண்டகாலம் குடியிருக்க அனுப்புகிறது. ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். உடல் கற்றதை அதற்குள் மறந்துவிடாது. தாமதமானால் செவிலியர் திட்டுவாரோ என்று வராமலே இருந்துவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

போலியோவில் நம் ஊருக்குத் தனிப் பங்கு உண்டு. மேலை நாடுகளில் மூன்று முறை சொட்டு மருந்து போதுமானதாக இருந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு அது போதவில்லை என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் கண்டறிந்து, பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 1995இல் தொடங்கிய நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்களில் அதே குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி ஊற்றியதன் காரணம் அதுதான். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவான நோயாளிதான், இயற்கையாகப் பரவிய போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி. இப்போது சொட்டு மருந்தோடு ஊசியும் சேர்ந்திருக்கிறது. லட்சக்கணக்கான குழந்தைகளில் ஒருவருக்கு, உயிருள்ள சொட்டு மருந்தே வாதத்தை உண்டாக்கலாம் என்பது உண்மை. நோய் பரவலாக இருந்த காலத்தில் அந்த அபாயம் ஒரு பொருட்டாக இல்லை. நோய் போன பிறகு அதுவே பெரிதாகத் தெரிகிறது, அதனால் திட்டம் மாறுகிறது.

பக்க விளைவுகளைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். பென்டா ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், வீக்கம், அழுகை வரும். பாரசிட்டமால் எவ்வளவு என்று செவிலியரே சொல்வார். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகத்தான். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிவைக்க வேண்டாம். நோய் எதிர்ப்பு கடுமையாகக் குறைந்த குழந்தைக்கு உயிருள்ள தடுப்பூசிகளைக் கொடுக்கும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆட்டிசத்துக்குத் தட்டம்மை ஊசியைக் காரணம் காட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில் அப்படி ஒரு தொடர்பே இல்லை.

ஐந்து வயதுக்குப் பிறகு

ஐந்து, ஆறு வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பின் இரண்டாம் ஊக்க ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. இவை பல வீடுகளில் மறந்துபோகும். பள்ளியில் சேர்த்தாயிற்று, அட்டை பீரோவுக்குள் போயாயிற்று. தொண்டை அடைப்பானுக்கு எதிரான காப்பு வயதோடு தேயும். இன்று இந்தியாவில் அந்த நோய் சின்னக் குழந்தைகளை விட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் தலைகாட்டுவது இதன் விளைவு.

பதின்வயதின் முக்கியமான ஊசி எச்.பி.வி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று காட்டியதற்காக ஜெர்மனியின் ஹாரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் மூலம் பரவும் வைரஸ் அது. உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் விரட்ட முடியாது, வருவதற்கு முன்னால் போட்டால்தான் பலன். சுவீடனில் 2020இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது: 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது, அதற்குப் பிறகு போட்டுக்கொண்டவர்களிடம் 53 சதவீதம்தான். 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பெண் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு தவணையே போதும் என்பதற்கான முக்கியச் சான்று இந்தியாவில் கிடைத்தது, அதுவும் எதிர்பாராமல். இரண்டு தவணையா மூன்றா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு ஒன்று, வேறொரு திட்டத்தைப் பற்றிய சர்ச்சையால் 2010இல் பாதியில் நிறுத்தப்பட்டது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒற்றை ஊசியும் ஏறக்குறைய அதே காப்பைத் தந்திருந்தது. ஒரு தவணையையும் ஏற்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு புனேயின் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் வந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடத் தமிழ்நாடு அரசு 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊசி போட்டவர்களுக்கும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை வேண்டும். வினிகர் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை சாவுகளை 35 சதவீதம் குறைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வு.

ரூபெல்லா இன்னொரு விதம். குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வந்தால் கருவின் கண், காது, இதயம் மூன்றையும் சிதைக்கும். 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் பேசிப் பேசி இதைக் கண்டுபிடித்தார். இன்று 9 மாதக் குழந்தைக்குப் போடும் ஊசி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் பேரக்குழந்தையையும் காக்கிறது. 2017இல் தமிழ்நாட்டில் 15 வயது வரையுள்ளவர்களுக்கு இதைப் போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் பயந்து மறுத்தார்கள். அப்படி விடுபட்ட பெண் பிள்ளைகள் திருமணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. இது உயிருள்ள ஊசி. கர்ப்பமான பிறகு போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

வயதே பார்க்காத ஊசி ஒன்றும் உண்டு: வெறிநாய்க்கடிக்கானது. நோய்க்கிருமி நரம்பு வழியாக மூளைக்கு நகர வாரங்கள் எடுத்துக்கொள்வதால், கடிபட்ட பிறகு போட்டும் காக்க முடிகிற அபூர்வமான ஊசி. 1907 முதல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இதற்காக உழைத்துவருகிறது. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகள் பழங்கதை. இப்போது கையில், தோலுக்குள், நான்கு நாட்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத மருந்தும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அறுபதுக்கு மேல்

நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி செல்களின் பள்ளிக்கூடம். பருவ வயது முதலே அது சுருங்கத் தொடங்குகிறது. அறுபதில் புதிய மாணவர்கள் அநேகமாக இல்லை, பழைய நினைவுகளை வைத்துத்தான் உடல் காலம் தள்ளுகிறது. அந்த நினைவுகளும் மங்கும்போது, சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து அக்கியாக வெளிப்படும். கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலியை அனுபவித்தவர்களுக்குத்தான் அது புரியும்.

தளர்ந்த எதிர்ப்பு மண்டலத்தை எழுப்ப, ஊசியில் உரத்த தூண்டல் தேவை. அக்கிக்கான புதிய ஊசியில் வைரஸின் ஒரு புரதத்தோடு, சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த பொருளும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த கொழுப்பும் சேர்கின்றன. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் 90 சதவீதத்தை ஒட்டிய காப்பு கிடைத்தது. முதுமையில் தடுப்பூசி வேலை செய்யாது என்ற நம்பிக்கையை உடைத்த முடிவு அது. இந்தியாவில் கிடைக்கிறது, ஆனால் விலை பலருக்கு எட்டாது.

நியூமோகாக்கஸ் ஊசியும், ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளுயன்சா ஊசியும் முதியவர்களுக்கும், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் தேவை. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதாலும், காப்பு சில மாதங்களில் குறைவதாலும் எந்த மாதத்தில் போடுகிறோம் என்பது முக்கியம். வட இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் உச்சம் தொடுகிறது. அதனால் நமக்கு ஏற்ற காலம் மழைக்கு முந்தைய செப்டம்பர்.

கைக்குழந்தைக்கு இவ்வளவு துல்லியமாக அட்டை போட்டுக்கொடுக்கும் நம் அரசுத் திட்டத்தில் முதியவர்களுக்கு அட்டை இல்லை. கொரோனா காலத்தில் இந்த நாடு பெரியவர்களுக்கும் சேர்த்து ஒன்றரை ஆண்டில் 200 கோடி தவணை போட்டுக் காட்டியது. முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஃப்ளூ ஊசி அவசியமானவர்களில் பலரின் பெயர் அந்த ஊழியர்களின் பட்டியலிலேயே இருக்கிறது. செப்டம்பரில் அவர்களோடு குளிர்ப்பெட்டியுடன் ஒரு செவிலியரும் சேர்ந்து போனால், அறுபதைக் கடந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இரண்டாவது அட்டையை அந்த மாதமே தொடங்கிவிடலாம்.